ஜெனரேட்டருக்கு முன்னால் சேஞ்ச்ஓவரை முடிவு செய்யுங்கள்

கேள்வியைச் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். பெங்களூரு ராமமூர்த்தி நகரில் முப்பதுக்கு நாற்பது சைட்டில் சொந்த வீடு. கீழே உங்கள் குடும்பம், மேலே இரண்டு மாடியிலும் வாடகைக்கு இருப்பவர்கள். மூன்று வீட்டுக்கும் தனித்தனி பெஸ்காம் (பெங்களூரு மின் விநியோக நிறுவனம்) மீட்டர், உங்களுக்கு மட்டும் த்ரீ ஃபேஸ். மாமியாருக்கு ராத்திரியில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் ஓட வேண்டும். ஏப்ரல், மே மழையில் மரம் விழுந்து மணிக்கணக்கில் கரண்ட் போகிறது, இன்வெர்ட்டர் தாங்கவில்லை. அதனால் 10 கேவிஏ டீசல் ஜெனரேட்டர் வாங்கப்போகிறீர்கள். "மெயினை ஆஃப் பண்ணிட்டு, போர்டிகோவில இருக்கிற பவர் பிளக்குல ஜெனரேட்டர் வயரைச் சொருகிட்டா போதும் சார், வீடு முழுக்க வந்துடும்" என்று எலக்ட்ரீஷியன் சொல்கிறார். இது சரியா, சரியில்லை என்றால் எப்படி வயரிங் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரியில்லை. அந்த யோசனையை இன்றைக்கே விட்டுவிடுங்கள்.

அவர் சொல்கிற முறைக்கு இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒரு வயர் வேண்டும். ஜெனரேட்டர் ஓடும்போது சுவர் பக்கத்து முனை கழன்று விழுந்தால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பித்தளைப் பின்னில் 240 வோல்ட் இருக்கும். குழந்தை கை வைத்தாலும் போச்சு, ஈரத்தரையில் விழுந்தாலும் ஆபத்து. அதைவிடப் பெரிய ஆபத்து வெளியே கம்பத்தில் இருக்கிறது. மெயினை ஆஃப் செய்ய ஒரே ஒரு நாள் மறந்துபோனால், உங்கள் ஜெனரேட்டரின் மின்சாரம் மீட்டர் வழியாகத் தெருவுக்குப் போகும். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் 11 ஆயிரம் வோல்ட்டை 433 வோல்ட்டாகக் குறைக்கிற சாதனம். பின்பக்கமாக 240 வோல்ட் கொடுத்தால் அதே டிரான்ஸ்ஃபார்மர் மேல் கம்பியில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஏற்றிவிடும். லைன் செத்திருக்கிறது என்று நம்பி மழையில் ஏறி நிற்கிற லைன்மேன் அந்தக் கம்பியைத்தான் தொடுகிறார். "தெரு முழுக்க லோடு இழுக்குமே, ஜெனரேட்டர் தானாக நின்றுவிடுமே" என்று சிலர் வாதம் செய்வார்கள். கம்பி உங்கள் வீட்டுக்கு அடுத்த கம்பத்தில் அறுந்திருந்தால், டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸைப் பிடுங்கியிருந்தால், இழுக்கத் தெருவே இருக்காது. மின்வாரியத்து ஆட்கள் வேலை செய்வதும் பெரும்பாலும் அப்படிப்பட்ட நேரத்தில்தான்.

ஆகவே மனித ஞாபகத்தை நம்பாத ஏற்பாடு வேண்டும். அதுதான் சேஞ்ச்ஓவர் சுவிட்ச். ஒரே கைப்பிடி, மூன்று நிலை: பெஸ்காம், ஆஃப், ஜெனரேட்டர். இரண்டு பக்கமும் ஒன்றாக ஆன் ஆகவே முடியாதபடி உள்ளே இயந்திர அமைப்பிலேயே தடை இருக்கும். ஜெனரேட்டர் சில லட்சம், நல்ல சேஞ்ச்ஓவர் சில ஆயிரம். நான் பார்த்த வீடுகளில் பணத்தை மிச்சம் பிடிப்பது என்னவோ இந்தச் சில ஆயிரத்தில்தான். தயவுசெய்து இங்கே மிச்சம் பிடிக்காதீர்கள். வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: நியூட்ரலும் சேர்ந்து மாறுகிறதா? சுவிட்ச் ஒன்றாக மாற்றுகிற ஒவ்வொரு வயருக்கும் ஒரு போல் (pole) என்று கணக்கு: சிங்கிள் ஃபேஸுக்கு இரண்டு போல், த்ரீ ஃபேஸுக்கு நான்கு போல். மூன்று போல் சுவிட்சை வைத்து நியூட்ரலை மட்டும் பொதுவாக விட்டுவிடுகிற வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். அப்படி விட்டால், வீடு ஜெனரேட்டரில் ஓடும்போதும் உங்கள் நியூட்ரல் தெருக் கம்பியோடு சேர்ந்தே இருக்கும்.

உங்கள் கட்டடத்தில் மூன்று மீட்டர் என்பதால் மூன்று சேஞ்ச்ஓவர். ஒவ்வொன்றும் அந்தந்த மீட்டருக்குப் பிறகு, அந்தந்த வீட்டு டிபிக்கு (வீட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) முன்னால் வர வேண்டும். ஜெனரேட்டரிலிருந்து ஒரு கேபிள் மீட்டர் போர்டு பக்கம் வந்து, அங்கே சின்னதாக ஒரு பேனலில் மூன்றாகப் பிரியட்டும். மேல் வீடுகளுக்கு ஆளுக்கு 6 ஆம்பியர் எம்சிபி (அளவுக்கு மேல் கரண்ட் போனால் தானாக விழுகிற சுவிட்ச்), உங்களுக்கு 25 ஆம்பியர். ஆறு ஆம்பியர் என்றால் சுமார் 1400 வாட். லைட், ஃபேன், டிவி, ஃபிரிட்ஜ் நிம்மதியாக ஓடும், கீசர் போட்டால் விழுந்துவிடும். இதை வாடகைக்கு இருப்பவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நடுராத்திரி மாடிப்படியில் நின்று விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது. ஒரு வீட்டு நியூட்ரலை இன்னொரு வீட்டு நியூட்ரலோடு எந்த இடத்திலும் சேர்க்கக் கூடாது என்பதையும் எலக்ட்ரீஷியனிடம் தனியாக அழுத்திச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் த்ரீ ஃபேஸ். வீட்டுக்கு வாங்கும் 10 கேவிஏ பெரும்பாலும் சிங்கிள் ஃபேஸாகவே வரும், முழு லோடில் 42 ஆம்பியர் கொடுக்கும். த்ரீ ஃபேஸ் வீட்டில் இதை எப்படிக் கொடுப்பது? வழக்கமாகச் செய்வது, நான்கு போல் சேஞ்ச்ஓவரின் ஜெனரேட்டர் பக்கத்தில் ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸையும் ஒரு லூப் வயரால் இணைத்துவிடுவது. வீடு முழுக்க விளக்கு எரியும், எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். ஆனால் நியூட்ரலைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. த்ரீ ஃபேஸில் ஓடும்போது மூன்று ஃபேஸின் கரண்ட் ஒன்றையொன்று கழித்துக்கொள்வதால் நியூட்ரலில் மிச்சம் மட்டும்தான் போகும். மூன்றையும் லூப் செய்தால் கழிப்பு இல்லை. மூன்றின் கூட்டுத்தொகை முழுவதும் அந்த ஒரு நியூட்ரலில் திரும்பும். பழைய வீடுகளில் டிபிக்குப் போகும் நியூட்ரல் மெல்லிசாக இருக்கும். அது சூடேறி, நியூட்ரல் வயர்கள் எல்லாம் சேர்கிற லிங்க்கில் திருகு தளர்ந்து கருகும். ஜெனரேட்டரில் ஓடும்வரை அது வெறும் சூடு. கருகிய நியூட்ரல், பெஸ்காம் சப்ளை திரும்பிய பிறகு முழுதாக விட்டுப்போனால், 415 வோல்ட் உங்கள் ஃபிரிட்ஜுக்கும் டிவிக்கும் நடுவில் பங்கு போட்டுக்கொள்ளும். லோடு குறைவான பொருள் முதலில் புகையும்.

அதனால் நான் லூப் செய்யச் சொல்வதில்லை. டிபியைப் பிரிப்பதே சுத்தமான வழி. கரண்ட் போனாலும் ஓட வேண்டியவை எவை என்று உட்கார்ந்து எழுதுங்கள்: மாமியார் அறை, எல்லா அறை லைட்டும் ஃபேனும், ஃபிரிட்ஜ், வைஃபை, போர் மோட்டார், ஒரு ஏசி. இவற்றை எல்லாம் தனி டிபியில் கொண்டுவந்து, அதற்கு மட்டும் இரண்டு போல் சேஞ்ச்ஓவர் போடுங்கள். கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு, ஓவன், மற்ற ஏசிகள் பெஸ்காம் டிபியிலேயே கிடக்கட்டும். அவற்றை ஜெனரேட்டரில் யாரும் தவறிக்கூட ஓட்ட முடியாது. போர் மோட்டார் சிங்கிள் ஃபேஸ் என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. த்ரீ ஃபேஸ் மோட்டார் என்றால் இந்த முறையில் ஓடாது. அதற்கு த்ரீ ஃபேஸ் ஜெனரேட்டர் வேண்டும். ஃபேஸ் வரிசை பெஸ்காமுக்கும் ஜெனரேட்டருக்கும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்கவும் வேண்டும். வரிசை மாறினால் மோட்டார் பின்பக்கமாகச் சுற்றும். சத்தம் கேட்கும், தண்ணீர் ஒழுங்காக ஏறாது.

டிபியைப் பிரிக்கும்போது ஃபேஸைப் பிரித்துவிட்டு நியூட்ரலைப் பிரிக்காமல் விடுவதுதான் எங்கும் நடக்கிற கோளாறு. பானஸ்வாடியில் ஒரு வீட்டில் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கிய மறுகணம் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற பாதுகாப்பு சுவிட்ச்) விழுந்துகொண்டே இருந்தது. வேலை செய்தவர், ஆர்சிசிபிதான் பழுது என்று அதைக் கழற்றிவிட்டு, வயரை நேரடியாகச் சேர்த்துவிட்டுப் போயிருந்தார். டிபி மூடியைத் திறந்தபோது, புதிதாகப் போட்ட நியூட்ரல் லிங்க்குக்கும் பழைய லிங்க்குக்கும் நடுவே ஒரு ஜாண் நீளக் கறுப்பு வயர். அவ்வளவுதான் கோளாறு. அந்தத் துண்டு வழியாகப் பாதி கரண்ட் பழைய நியூட்ரலில் திரும்பிக்கொண்டிருந்தது. போவதும் வருவதும் சமமில்லை என்று ஆர்சிசிபி தன் வேலையைச் சரியாகச் செய்து விழுந்திருக்கிறது. வயரை எடுத்து, ஒவ்வொரு சர்க்யூட்டின் நியூட்ரலையும் அதனதன் ஃபேஸ் இருக்கும் டிபிக்கு மாற்றியதும் ஆர்சிசிபியைத் திரும்பப் போட முடிந்தது. ஜெனரேட்டர் வைத்த பிறகு ஆர்சிசிபி விழுகிறது என்றால் முதலில் நியூட்ரலைச் சந்தேகப்படுங்கள். அதைக் கழற்றச் சொல்கிறவரை அந்த வேலையிலிருந்து விலக்கிவிடுங்கள்.

எர்த் விஷயத்துக்கு வருகிறேன். இதை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் நன்றாக ஓடுகிற ஜெனரேட்டரிலும் இது தப்பாக இருக்கலாம்; விளக்கு எரிவதை வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

பெஸ்காம் சப்ளையில் நியூட்ரல், டிரான்ஸ்ஃபார்மர் அடியில் பூமியோடு சேர்க்கப்பட்டிருக்கிறது. வாஷிங் மெஷின் உடலில் ஃபேஸ் பட்டால், கசிகிற கரண்ட் உங்கள் எர்த் வயர் வழியாக மண்ணுக்குள் போய் டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்புகிறது. அந்தக் கசிவைப் பார்த்துத்தான் ஆர்சிசிபி விழுகிறது. ஜெனரேட்டருக்கு மாறியதும் டிரான்ஸ்ஃபார்மர் கணக்கில் இல்லை. சின்ன செட்டுகள் பலவற்றில் நியூட்ரல் எதோடும் சேராமல் மிதந்துகொண்டிருக்கும். கசிகிற கரண்ட் திரும்பிப் போக வழியே இல்லை. ஆர்சிசிபி எதையும் பார்க்காது. முதல் கோளாறு அப்படியே தெரியாமல் கிடக்கும். இரண்டாவதாக இன்னொரு இடத்தில் இன்னொரு முனை கசிந்தால், அப்போது தொடுகிறவர் கதி அதோகதி. ஆகவே ஜெனரேட்டரின் நியூட்ரலை ஜெனரேட்டர் இருக்கும் இடத்திலேயே எர்த்தோடு சேர்க்க வேண்டும். அதுவும் அந்த ஒரே இடத்தில்தான். டிபிக்குள்ளே இன்னொரு முறை சேர்த்தால், மேலே சொன்ன பானஸ்வாடி தொல்லை உங்கள் வீட்டுக்கும் வந்துவிடும். நியூட்ரலை மாற்றுகிற சேஞ்ச்ஓவர் ஏன் வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்: இரண்டு சப்ளையின் நியூட்ரலும் தனித்தனி இடத்தில் எர்த் ஆகியிருக்கின்றன, அவை சந்திக்கக் கூடாது.

எர்த் பிட், அதாவது எர்த் பைப் இறக்குகிற குழி, எத்தனை? எர்த்திங்குக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 3043ஐ ஒட்டி நம் ஊரில் ஒழுங்காகச் செய்கிறவர்கள் ஜெனரேட்டர் உடலுக்கு இரண்டு, நியூட்ரலுக்கு இரண்டு என்று நான்கு பிட் போடுவார்கள். த்ரீ ஃபேஸ் செட்டுக்கு இதில் தள்ளுபடி கேட்காதீர்கள். உங்கள் சைட்டில் நான்கு பிட்டுக்கு இடம் பிடிப்பதே கஷ்டம், தெரியும். பிட்டுகளுக்கு நடுவே குறைந்தது ஒரு பைப் நீளமாவது இடைவெளி வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் நான்கு குழி வெட்டினால் அது ஒரு பிட் மாதிரிதான் வேலை செய்யும். ஜிஐ பைப் என்றால் 38 மில்லிமீட்டர் விட்டத்துக்குக் குறையாமல், இரண்டரை மீட்டர் நீளத்துக்குக் குறையாமல். பெங்களூரில் பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே பாறை வந்துவிடும்; அப்போது பாதி பைப்பை அறுத்துவிட்டு மூடிவிடுகிற பழக்கம் உண்டு. குழி வெட்டும்போது நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். வேலை முடிந்ததும் எர்த் டெஸ்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். 5 ஓமுக்குக் கீழே இருந்தால் திருப்தி. மார்ச், ஏப்ரலில் மண் காய்ந்தால் எண் ஏறும், அப்போது தண்ணீர் ஊற்றுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு சங்கதி, அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன்களே பல பேர் கவனிக்காதது. ஷார்ட் சர்க்யூட் ஆனால் எம்சிபி விழும் என்று நம்புகிறோம். பெஸ்காம் சப்ளையில் ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், எம்சிபி கண்ணிமைக்கும் நேரத்தில் விழும். சின்ன ஜெனரேட்டரால் அத்தனை கரண்டைக் கொடுக்கவே முடியாது. அதன் சக்தியில் இரண்டு, மூன்று மடங்கோடு முக்கி நின்றுவிடும். சி டைப் எம்சிபி உடனே விழ அதன் அளவில் ஐந்து முதல் பத்து மடங்கு வேண்டும். 63 ஆம்பியர் சி டைப் எம்சிபியை ஜெனரேட்டர் பக்கம் மாட்டினால், உடனே விழ 315 ஆம்பியராவது பாய வேண்டும். 42 ஆம்பியர் ஜெனரேட்டர் அதை எங்கே கொண்டுவரும்? வயர் சூடாகிக்கொண்டே இருக்கும், எம்சிபி சும்மா இருக்கும். எனவே ஜெனரேட்டர் பக்கம் மூன்று முதல் ஐந்து மடங்கில் விழுகிற பி டைப், அதுவும் 40 ஆம்பியருக்கு மேல் போகாமல். கிளை எம்சிபிகளும் சின்ன சின்னதாக இருக்கட்டும். வீட்டுக்குள் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். உடலில் ஃபேஸ் கசிகிற கோளாறில் உங்களைக் காப்பாற்றப்போவது இதுதான், எம்சிபி அல்ல.

கேபிளில் குழப்பம் இல்லை. 10 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஆர்மர்டு கேபிள் 42 ஆம்பியரைத் தாங்கும். முப்பது மீட்டர் ஓடினால் 5 வோல்ட் அளவில் குறையும், அது பரவாயில்லை. அதற்கு மேல் தூரம் என்றால் 16 போடுங்கள். ஜெனரேட்டர் அதிரும் என்பதால் அந்தப் பக்கத்து முனையில் கொஞ்சம் தளர்வு விட்டு, கேபிளை இறுக்கிப் பிடிக்கிற கிளாண்டு போட்டு, வயர் முனையில் லக்கை (உலோக முனைத் துண்டு) ஒழுங்காக அழுத்தி கிரிம்ப் செய்து மாட்ட வேண்டும். வெறும் வயரை முறுக்கித் திருகில் மாட்டினால் சில மாதத்தில் தளர்ந்துவிடும்.

10 கேவிஏ போதுமா? போதும், ஆனால் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். 10 கேவிஏவை 0.8 ஆல் பெருக்கினால் 8 கிலோவாட். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம். டர்போ இல்லாத இன்ஜின் நூறு மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம் சக்தி இழக்கும். அந்த 10 கேவிஏ எந்த உயரம் வரைக்கும் என்று டீலரிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். உங்கள் லோடில் கான்சன்ட்ரேட்டர் 350 வாட் அளவு, ஃபிரிட்ஜ் 200, லைட்டும் ஃபேனும் 700, ஒன்றரை டன் ஏசி ஒன்றரை கிலோவாட்டுக்கு மேல், மேல் வீடுகள் இரண்டும் சேர்ந்து ஒன்றரை கிலோவாட் வரை, ஒன்றரை ஹெச்பி மோட்டார் ஓடும்போது 1.7 கிலோவாட் அளவு. மோட்டார் கிளம்பும்போதுதான் பிரச்சினை. அந்த ஓரிரு நொடி ஐந்தாறு மடங்கு இழுக்கும். ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போது மோட்டாரைப் போட்டால் வீடு முழுக்க விளக்கு மங்கும். முதலில் மோட்டார், டேங்க் நிரம்பியதும் ஏசி என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பக்கம், பயந்துபோய் 15, 20 கேவிஏ வாங்காதீர்கள். டீசல் இன்ஜினை முப்பது சதவீத லோடுக்குக் கீழே மாதக்கணக்கில் ஓட்டினால் டீசல் முழுதாக எரியாது, சைலன்சரில் கறுப்பு எண்ணெய் வழியும், உள்ளே கரி படியும். பெரிய செட் வாங்கிச் சின்ன லோடு கொடுப்பது இன்ஜினுக்குக் கெடுதல்.

1500 ஆர்பிஎம் இன்ஜினாகப் பாருங்கள். 3000 ஆர்பிஎம் விலை குறைவு. சத்தம் அதிகம், ஆயுள் குறைவு. 2023 ஜூலை 1 முதல் 800 கிலோவாட் வரையிலான ஜெனரேட்டர்களுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சிபிசிபி நான்கு பிளஸ் என்ற புகை விதி வந்துவிட்டது. யாராவது மலிவாகப் பழைய செட் தருகிறேன் என்றால், லேபிளைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

உங்கள் சைட்டில் எனக்கு அதிகக் கவலை தருவது வைக்கிற இடம். பக்கவாட்டுச் சந்தில் கேனப்பி (ஜெனரேட்டரை மூடிச் சத்தத்தை அடக்கும் பெட்டி) நுழைந்தாலும் காற்றோட்டம் இருக்காது. கார் நிறுத்தும் போர்டிகோவில் வைத்தால் புகை நேராகப் படிக்கட்டு வழியாக மேல் வீட்டுப் படுக்கையறைக்குப் போகும். புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு வாசனையே கிடையாது, தூங்குகிறவரைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். சுவாசக் கோளாறு உள்ளவர் இருக்கும் வீட்டில் இதில் துளியும் சமரசம் கூடாது. மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படி புகைக்குழாயின் உயரம், கட்டடத்தின் உயரத்தோடு கேவிஏவின் வர்க்கமூலத்தை 0.2 ஆல் பெருக்கி வருவதைக் கூட்ட வேண்டும். பத்துக்கு வர்க்கமூலம் 3.16, அதாவது மொட்டைமாடிக்கு மேலே இன்னும் 63 சென்டிமீட்டர். பத்து மீட்டருக்கு மேல் குழாய் ஏறும்போது இன்ஜினில் வருகிற அதே விட்டத்தில் போட்டால் புகை வெளியேறத் திணறும், விட்டத்தைக் கூட்ட வேண்டும். இன்ஜினுக்கும் குழாய்க்கும் நடுவே பெல்லோஸ் (அதிர்வைத் தாங்கி வளைகிற குழாய்த் துண்டு) போட்டு, குழாயின் எடை முழுவதையும் சுவர் கிளாம்பில் ஏற்றுங்கள். கை எட்டும் உயரம்வரை கிளாஸ் வூல் சுற்றி அலுமினியத் தகடு அடியுங்கள். அடியில் தண்ணீர் வடிய ஒரு டிரெய்ன்.

மொட்டைமாடியில் வைக்கலாமே என்று தோன்றும். அரை டன்னை ஒட்டிய எடை, அதிர்வு, டீசல் கேனைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறுவது. கட்டட இன்ஜினியர் வந்து பீம் எங்கே ஓடுகிறது என்று பார்த்துச் சொல்லாமல் அதைச் செய்யாதீர்கள். வீட்டு முன்பக்கம், கேட்டை ஒட்டித் திறந்தவெளியில் இடம் கிடைத்தால் அதுவே உத்தமம். தரையிலிருந்து உயர்த்தி கான்கிரீட் மேடை கட்டுங்கள். 2022 செப்டம்பர் வெள்ளத்தில் பெல்லந்தூர், சர்ஜாபூர் சாலைப் பக்கம் தரைமட்டத்தில் இருந்தவை எல்லாம் மூழ்கிப்போனதை மறக்க வேண்டாம். உங்கள் தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று அக்கம்பக்கத்தில் விசாரித்து, அதற்கு மேல் மேடையை எழுப்புங்கள். சத்தம், கேனப்பியிலிருந்து ஒரு மீட்டரில் 75 டெசிபலுக்குள் இருக்க வேண்டும். குடியிருப்புப் பகுதியில் ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை வரம்பு 45 டெசிபல்தான். பக்கத்து வீட்டு ஜன்னல் எந்தப் பக்கம் என்று பார்த்து, ரேடியேட்டர் வாயைத் தெருப் பக்கம் திருப்புங்கள். முடிந்தால் வாங்கும் முன்பே அவர்களிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.

மாமியாரின் கான்சன்ட்ரேட்டரை ஜெனரேட்டரை மட்டும் நம்பி விடக் கூடாது. பேட்டரி இறங்கியிருந்தால் இன்ஜின் கிளம்பாது. அது கிளம்பாத ராத்திரி எது என்று முன்கூட்டித் தெரியாது. கான்சன்ட்ரேட்டருக்கும் அந்த அறை விளக்குக்கும் தனியாக ஒரு சைன்வேவ் இன்வெர்ட்டர், முடிந்தால் லித்தியம் பேட்டரியோடு. கரண்ட் போனதும் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும், ஜெனரேட்டர் வந்ததும் அதைச் சார்ஜ் செய்யும். அதற்கும் மேலே, டாக்டரிடம் கேட்டு ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் வீட்டில் இருக்கட்டும். இப்படி இன்வெர்ட்டர் இருந்தால் ஆட்டோமேட்டிக் பேனல் இல்லாமல் கைச் சேஞ்ச்ஓவரே போதும். பெரியவர்கள் மட்டும் தனியாக இருக்கிற நேரம் அதிகம் என்றால் உங்கள் வீட்டுக்கு மட்டும் ஏஎம்எஃப் பேனல் (கரண்ட் போனதும் ஜெனரேட்டரைத் தானாகக் கிளப்பி மாற்றுகிற பேனல்) போடுங்கள். அதில் தானாக மாற்றுகிற காண்டாக்டர் சுவிட்சுகள் இரண்டும் ஒன்றாக ஆன் ஆகாதபடி எலக்ட்ரிக்கல், மெக்கானிக்கல் இரண்டு இன்டர்லாக்கும் வேண்டும். இன்னொன்று, ஜெனரேட்டர் ஓடியும் இன்வெர்ட்டர் பேட்டரியிலேயே நின்றால் பதற வேண்டாம். சின்ன செட்டில் லோடு ஏற இறங்க ஃப்ரீக்வென்சி 52க்கும் 50க்கும் நடுவே ஆடும், யுபிஎஸ் மோடில் இருக்கிற இன்வெர்ட்டர் அதை ஏற்காது. பின்பக்கத்துச் சுவிட்சை நார்மல் மோடுக்குத் தள்ளினால் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும். அதற்கு முன் கான்சன்ட்ரேட்டர் அந்த மோடில் தடங்கல் இல்லாமல் ஓடுகிறதா என்று பகலில் சோதித்துவிடுங்கள்.

பின்னால் மாடியில் சோலார் போடும் எண்ணம் இருந்தால், அதன் இணைப்பு சேஞ்ச்ஓவருக்கு முன்னால், பெஸ்காம் பக்கத்தில்தான் வர வேண்டும். ஜெனரேட்டர் பக்கம் சேர்ந்தால் சோலார் அதையே கிரிட் என்று நினைத்து மின்சாரத்தை இன்ஜினுக்குள் தள்ளும்.

டீசல் செலவு: ஒரு லிட்டருக்கு மூன்று யூனிட் கிடைத்தால் நல்லது. லிட்டர் 90 ரூபாயை ஒட்டி இருக்கும்போது யூனிட் 30 ரூபாய். வீட்டில் 20, 30 லிட்டர் வைத்துக்கொண்டால் போதும். நாள்பட்ட டீசலில் தண்ணீர் சேரும், ஆறேழு மாதத்துக்கு ஒரு முறை ஓட்டித் தீர்த்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். மாதம் ஒரு நாள் அரை மணி நேரம் மோட்டாரையும் ஏசியையும் போட்டு லோடில் ஓட்டுங்கள். லோடு இல்லாமல் சும்மா ஓட்டுவதில் பயன் இல்லை.

கர்நாடக அரசின் எலக்ட்ரிகல் கான்ட்ராக்டர் லைசென்ஸ் உள்ளவரிடமே வேலையைக் கொடுங்கள். உங்கள் அளவு ஜெனரேட்டருக்கு மின் ஆய்வுத்துறையிலும் பெஸ்காமிலும் என்ன தாக்கல் செய்ய வேண்டும் என்பதையும் வாங்கும் முன்பே அவர் மூலமாக முடித்துவிடுங்கள். வேலை முடிந்த அன்று அவர் உங்கள் கண்முன் சில சோதனைகளைச் செய்து காட்டிய பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள். பெஸ்காம் மெயினை ஆஃப் செய்து, ஜெனரேட்டரில் வீடு ஓடும்போது, சேஞ்ச்ஓவரின் பெஸ்காம் பக்கத்து முனைகளில் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும்: ஃபேஸிலும் நியூட்ரலிலும் எதுவும் வரக் கூடாது. ஜெனரேட்டர் ஓடும்போதே ஒரு டெஸ்ட் விளக்கை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே அவர் வைக்க வேண்டும். ஆர்சிசிபி அந்த நொடியே விழ வேண்டும். விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் ஆர்சிசிபி வேலை செய்யவில்லை. விளக்கும் எரியாமல் ஆர்சிசிபியும் விழாமல் இருந்தால் நியூட்ரல் இன்னும் மிதக்கிறது. இரண்டில் எது நடந்தாலும் வேலை முடியவில்லை என்று பொருள். ஆர்சிசிபியில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்திக் காட்டுவது இதற்கு ஈடாகாது. எர்த் இணைப்பே இல்லாவிட்டாலும் அந்தப் பட்டனுக்கு அது விழும். மூன்று வீட்டு சேஞ்ச்ஓவருக்கும் இதையே தனித்தனியாகச் செய்யச் சொல்லுங்கள். அப்புறம் ஏசி ஓடும்போது ஒரு முறை போர் மோட்டாரைப் போட்டு, வோல்டேஜ் எதுவரை இறங்கி எத்தனை நொடியில் திரும்புகிறது என்று குறித்து, மீட்டர் போர்டு கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். அடுத்த வருஷம் சர்வீசுக்கு வருகிறவர் அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.